கல் பொறுக்கும் மின்சாரம்

நிலாவரைக் கிணற்றில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்பது எங்கள் பக்கத்துப் பழங்கதை. போட்டுப் பார்த்தவரை நான் சந்தித்ததில்லை. போட்டவரைத் தெரிந்தவரைத் தெரிந்தவர்கள்தான் ஊரெங்கும் இருக்கிறார்கள். இராமர் அம்பு விட்டு வானரப் படைக்குத் தண்ணீர் காட்டிய இடம் என்பார்கள். அடியே இல்லாத கிணறு என்பார்கள். அடி இருக்கிறது, ஏறத்தாழ 50 மீற்றரில். புத்தூர் நவக்கிரியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத புதினம் வேறொன்று. மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உவர், இன்னும் கீழே உப்பு. ஒரே கிணற்றில் இரண்டு தண்ணீர், நடுவில் சுவர் இல்லை.

எல்லாம் பாரத்தால் வருவது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது; வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவதுதான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை, செம்மண்ணைக் கடந்து மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே கடல் நிற்கிறது. பாரம் குறைந்த மழைநீர் அதன்மேல் ஏறி, நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த ஒரு வில்லையாக மிதக்கிறது. நாங்கள் கிணறு வெட்டுவது இந்த வில்லைக்குள்தான்.

அந்த வில்லையின் தடிப்புக்கு ஒரு கணக்கு உண்டு. 1880களின் கடைசியில் ஒல்லாந்தரான பாடொன் கைபனும், 1901இல் ஜேர்மனியரான கேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே அதே கணக்குக்கு வந்து சேர்ந்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்கச் சந்தோசமான கணக்கு. திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும்: மேலே ஓர் அடி இறங்கினால் கீழேயுள்ள உப்பு நாற்பது அடி ஏற இடம் கிடைக்கிறது. வெடிப்பும் குகையுமான எங்கள் கல்லுக்குள் கணக்கு இவ்வளவு நேராக நடப்பதில்லை, ஒரே நாளில் நடப்பதுமில்லை. ஆனால் உப்பு ஏறும், அதில் மாற்றமில்லை.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இறைப்பவர் களைத்தால் கிணறும் ஓய்ந்தது. இறைப்பு இயந்திரத்துக்குக் களைப்பில்லை. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் கேட்கிற அளவுக்கு அது இறைக்கிறது. நல்ல தண்ணி என்று பேரெடுத்த கிணறு ஆவணி, புரட்டாதியில் நாக்கில் கரிக்கத் தொடங்குகிறது. தேநீர் சுவை மாறுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளைச் செதில் படிகிறது. பிறகு வீட்டுக்காரர் ஏதாவது இயந்திரம் வாங்கலாமா என்று விசாரிக்கத் தொடங்குகிறார். அப்படி விசாரிக்கிறவருக்காகவே இதை எழுதுகிறேன்.

எவ்வளவு உப்பு என்பதை முதலில் பார்ப்போம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் கரைந்த பொருட்கள் எல்லாம் சேர்ந்து லீற்றருக்கு 500 மில்லிகிராம், அதாவது அரைக் கிராம், தாண்டக்கூடாது என்கிறது. கிணற்று உவர்நீர் இந்த இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகவே இருக்கும்: லீற்றருக்கு ஒரு கிராம், இரண்டு கிராம், மோசமானால் மூன்று. ஆயிரம் லீற்றர் கொள்ளும் ஒரு தண்ணீர்த் தாங்கியில் இரண்டு கிலோ உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 998 கிலோ நல்ல தண்ணீரை இரண்டு கிலோ உப்புக் கெடுத்து வைத்திருக்கிறது.

சுளகில் அரிசி இருக்கிறது, நாலைந்து கல்லும் கிடக்கிறது. யாரும் அரிசியை ஒவ்வொரு மணியாக எடுத்து வேறு சுளகில் போடுவதில்லை. கல்லைப் பொறுக்கி எறிவார்கள். கல் பாதி, அரிசி பாதி என்றால்தான் அரிசியைப் பொறுக்குவது புத்தி.

இப்போது எங்கும் விற்கிற ஆர்.ஓ. இயந்திரம் அரிசியைப் பொறுக்குகிறது. பாடப்புத்தகம் இதை நேர்மாற்றுப் பிரசாரணம் என்று சொல்லும். மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் ஒரு பக்கத்தில் உப்புநீரை வைத்து அழுத்தினால், தண்ணீர் மட்டும் சவ்வுக்குள்ளால் நெரிந்து மறுபக்கம் வரும்; உப்பு பின்தங்கும். அழுத்துவதற்குத்தான் மின்சாரம். கடலுக்கு இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறந்த கடல்நீர் ஆலை இந்த வகைதான்; நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடியது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் ஏற்காததால் வந்த மாற்றுவழி அது. இத்தகைய ஆலைகளில் ஒரு கனமீற்றர் தண்ணீருக்கு மூன்று முதல் நாலு யூனிட் மின்சாரம் போகும். கடலை நன்னீராக்க அந்த விலை நியாயமே. லீற்றருக்கு இரண்டு கிராம் கரிக்கிற புத்தூர்க் கிணற்றுக்கும் அதே முறைதானா என்பதே என் கேள்வி.

கல்லைப் பொறுக்குகிற இயந்திரம் ஒன்று உண்டு. அதன் பெயர் எலெக்ட்ரோடயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் சிறுநீரக நோயாளருக்குச் செய்கிற அதே டயாலிசிஸ், இங்கே மின்சாரத்தால் நடக்கிறது.

உப்பு தண்ணீரில் கரைந்தால் உப்பாக இருப்பதில்லை. நேரேற்றமுள்ள சோடியம் அயனாகவும் மறையேற்றமுள்ள குளோரைட்டு அயனாகவும் பிரிந்து திரிகிறது. ஏற்றம் உள்ளது எதுவும் மின்சாரத்துக்குக் கட்டுப்படும். தண்ணீரில் இரண்டு மின்வாய்களை வைத்தால் சோடியம் ஒரு பக்கமும் குளோரைட்டு எதிர்ப்பக்கமும் நகரும். வெறுமனே நகர்ந்தால் போதாது; போனது திரும்பி வராமல் மறிக்க வேலி வேண்டும்.

வேலி என்றால் எங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அருகருகே நீளமான ஒழுங்கைகள் பலவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஒழுங்கைக்கும் இரண்டு பக்கமும் வேலி. ஒரு வகை வேலியில் இருக்கிற பொட்டுக்குள்ளால் சோடியம் மட்டும் நுழையலாம். அடுத்த வகை வேலியின் பொட்டு குளோரைட்டுக்கு மட்டும். இரண்டு வகையும் மாறி மாறி நிற்கின்றன. மின்சாரம் பாய்ந்ததும் சோடியம் எல்லாம் மேற்கே போகப் பார்க்கும், குளோரைட்டு எல்லாம் கிழக்கே. முதலாவது ஒழுங்கையில் இரண்டுக்கும் சாதகமான வேலி, இரண்டும் வெளியேறிவிடும். பக்கத்து ஒழுங்கைக்குள் வந்து, மேற்கொண்டு போகப் பார்த்தால் எதிரே தனக்கு ஆகாத வேலி. அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே ஓர் ஒழுங்கை வெறுமையாகும், அடுத்தது நிரம்பும், அதற்கடுத்தது வெறுமையாகும். வெறுமையான ஒழுங்கைகளின் தண்ணீரைச் சேர்த்தெடுத்தால் குடிநீர். நிரம்பியவற்றில் வருவது கழிவுநீர். தண்ணீர் வேலியைத் தாண்டுவதில்லை. ஒழுங்கை நெடுக நடந்து மறுமுனைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அந்த வேலி பிளாஸ்டிக் தாள் போன்ற ஒரு சவ்வு. அதற்குள் மறையேற்றத்தை நிரந்தரமாகப் பதித்துவிட்டால் நேரயன்கள் உள்ளே வரும், மறையயன்கள் தள்ளப்படும். நேரேற்றத்தைப் பதித்தால் எதிர்மாறு. நூற்றுக்கணக்கான சோடி ஒழுங்கைகளை அடுக்கி, இரண்டு முனைகளில் மட்டும் மின்வாய் வைப்பார்கள். இதில் ஓர் இலாபம் இருக்கிறது. ஒரே மின்னோட்டம் எல்லா ஒழுங்கைகளையும் கடந்து போவதால், நூறு சோடி இருந்தால் ஒரே ஓட்டம் நூறு இடத்தில் உப்பை நகர்த்துகிறது.

செலவை நாங்களே கணக்குப் பார்க்கலாம். 1830களில் மைக்கேல் பரடே கண்ட விதி போதும். எங்கள் ஆயிரம் லீற்றரில் உள்ள இரண்டு கிலோவில் ஒன்றரைக் கிலோவை எடுத்தால் தண்ணீர் 500 மில்லிகிராமுக்கு வந்துவிடும். அந்த ஒன்றரைக் கிலோவை ஒரு வேலி தாண்டவைக்க ஏறத்தாழ 25 இலட்சம் கூலோம் மின்னேற்றம் வேண்டும். ஒரு சோடி ஒழுங்கைக்கு அரை வோல்ற்று என்று வைத்தால் பன்னிரண்டரை இலட்சம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆக, ஒரு யூனிட்டில் மூன்றிலொரு பங்கு. இதற்கு மேல் தண்ணீரை ஓடவைக்கும் பம்புக்குக் கொஞ்சம், இழப்புகளுக்குக் கொஞ்சம். இதே கணக்கைக் கடல்நீருக்குப் போட்டால் 23 மடங்கு உப்பு நகர வேண்டும். எட்டு யூனிட்டுக்குக் கிட்டப் போகும். ஆர்.ஓ. அதை மூன்று, நாலில் முடித்துவிடும். கல் பாதியான சுளகு அது.

சந்தைக்காரர் சொல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். தண்ணீர் தெளியத் தெளிய மின்சாரம் அதற்குள்ளால் போகச் சிரமப்படும், ஏனென்றால் மின்சாரத்தைச் சுமப்பதே அந்த உப்புத்தான். கடைசிக் கல்லைத் தேடத்தான் கண் வலிக்கிறது. அதனால் மழைநீர் போன்ற சுத்தத்துக்கு இந்த இயந்திரத்தை விரட்டக்கூடாது. 500 மில்லிகிராமுக்கு வந்ததும் நிறுத்தினால் மட்டுமே அது மலிவு. கொஞ்சம் உப்பு இருக்கிற தண்ணீர்தான் வாய்க்கும் நன்றாயிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பென்று நினைக்கவேண்டாம். 1950 அளவில் தகுந்த சவ்வுகள் அமெரிக்காவில் உருவானதும், 1959இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் அவற்றைக் கொண்டு தன் உவர்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியது. அதுவரை அங்கே குடிநீர் ரயிலில் வந்தது. 1962இல் அரிசோனாவின் பக்கை என்ற ஊர் தன் முழுத் தேவைக்கும் இந்த முறையையே நம்பியது. யப்பானியர் வேறு கணக்குப் போட்டார்கள். உப்பளத்துக்கு வெயிலும் இடமும் போதாத நாடு அது. நிரம்பிய ஒழுங்கையில் வருகிற செறிந்த உப்புநீரை எடுத்துக் காய்ச்சி உப்பாக்கினார்கள்; 1972 முதல் அந்த நாட்டின் சமையல் உப்பு உற்பத்தியே இந்த வழிக்கு மாறியது. ஆனையிறவில் வெயில் சும்மா செய்துதருவதை அவர்கள் மின்சாரத்தால் செய்தார்கள். எங்களுக்குக் கழிவு அவர்களுக்குச் சரக்கு.

எங்களுக்குக் கிட்டிய உறவு குஜராத்தின் பாவ்நகரில் இருக்கிறது. 1954இல் அங்கே தொடங்கிய மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம், உப்பு எடுப்பதைப் படிக்கத் தொடங்கி உப்பு நீக்குவதற்கும் வந்துவிட்டது. 1980களில் அதன் விஞ்ஞானிகள் தார்ப் பாலைவனத்தில், பாகிஸ்தான் எல்லைக்கு அருகேயுள்ள தனோட்டில், சூரியத் தகட்டால் ஓடுகிற ஓர் எலெக்ட்ரோடயாலிசிஸ் கருவியை நிறுவிப் பரிசோதித்தார்கள். சூரியத் தகடு பணக்காரப் பொருளாக இருந்த காலம் அது. யோசனை முந்திவிட்டது, விலை பிந்தி வந்தது.

பிறகு 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நட்டாஷா றைற், ஏமோஸ் வின்ரர் இருவரும் இந்தியக் கிராமக் கிணறுகளை மனதில் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீருக்கு ஆர்.ஓ.வைவிட 75 சதவீதம் மின்சாரம் குறையும். 3,000 மில்லிகிராமுக்கு 30 சதவீதம் குறையும் என்பது அவர்கள் முடிவு. உப்புக் கூடக் கூட இலாபம் கரைவதைப் பாருங்கள், சுளகுக் கணக்கேதான். ஜல்காவோனின் ஜெயின் இரிகேஷன் நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் செய்த கருவி 2015இல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் உவர்நீக்கப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. ஐதராபாத்துக்கு அருகே செல்லூரு கிராமத்திலும் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2024இல் அதே குழு நியூ மெக்சிக்கோவில் காட்டிய வேலை. சூரிய மின்சாரத்தின் பெருந்தலையிடி பற்றரி. விலையும் கூட, ஆயுளும் குறைவு. வெயில் ஏறினால் உப்பை வேகமாக நகர்த்து, முகில் மறைத்தால் மெதுவாக நகர்த்து என்று கருவியையே வெயிலுக்கு ஏற்ப ஆடவைத்தார்கள். ஆறு மாதம் உவர்க் கிணற்றுநீரில் ஓடியது. தகடு தந்த மின்சாரத்தில் சராசரியாக 94 சதவீதம் வேலைக்கு வந்தது. நாளுக்கு 5,000 லீற்றர் வரை குடிநீர் கிடைத்தது. பற்றரி அநேகமாகத் தேவைப்படவேயில்லை. ஆர்.ஓ.வால் இப்படி நொடிக்கு நொடி இசைந்துகொடுப்பது கடினம். அதற்கு அழுத்தம் நிலையாக நிற்கவேண்டும். எங்கள் வெயிலும் முகிலும் விளையாடும் வானத்துக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

வேலியே இல்லாத முறை ஒன்றும் வளர்ந்து வருகிறது. நுண்துளைகள் நிறைந்த கரித்தகடு இரண்டுக்கு மின்சாரம் கொடுத்தால், அயன்கள் தகட்டின் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தகடு நிரம்பியதும் மின்சாரத்தை நிறுத்தினால் விட்டுவிடும். கழுவிவிட்டு மறுபடி தொடங்கலாம். கொடுத்த மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் எடுக்கலாம். நல்ல கரி ஒரு கிராமின் உட்சுவர்களை விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீற்றர், எங்கள் அளவில் நாலு பரப்புக் காணி. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு அப்படிப்பட்ட கரியைச் செய்து ஏற்றுமதி செய்கிற நாடு இலங்கை. அந்தக் கரியில் ஒரு துண்டாவது குடாநாட்டுக் கிணற்றுநீரில் வேலை செய்ய வந்தால் நல்லது.

இனி, புத்தூருக்குத் திரும்புவோம். எங்கள் தண்ணீருக்கு உப்பு மட்டும் வியாதி இல்லை. சுண்ணாம்புக்கல்லிலிருந்து கல்சியம் கரைந்து வருகிறது. கேத்தலில் படிவது அதுதான். சவ்விலும் படியும். 1970களில் இதற்கு ஓர் எளிய தந்திரம் கண்டார்கள்: சில பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை மின்வாய்களின் நேரையும் மறையையும் மாற்றிவிடுவது. நல்லநீர் ஓடிய ஒழுங்கை கழிவொழுங்கையாகும், படிந்தது கழன்றுபோகும். யாழ்ப்பாணக் கல்லுக்காகவே யோசித்தது போல இருக்கும்.

நைத்திரேற்று இன்னொன்று. தோட்டத்துக்கு அள்ளிப் போடும் உரமும் வீட்டு மலக்குழிகளும் அதைக் கிணற்றுக்குள் இறக்குகின்றன. தரநிர்ணயம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்கிறது. வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டுவதை 1980கள் முதலே ஆய்வுகள் காட்டிவருகின்றன. நைத்திரேற்றும் அயன்தான், ஆகவே இந்த இயந்திரத்துக்குக் கட்டுப்படும். கொதிக்கவைத்தால் போகாதது இதில் போகும். கொதிக்கவைத்தால் போகிற கிருமி இதில் போகாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை மறந்திருக்காது. எண்ணெய்க்கு ஏற்றம் இல்லை, அதை மின்சாரம் திரும்பியும் பார்க்காது. பீடைகொல்லி பலவற்றுக்கும் அப்படியே. இயந்திரம் வாங்கியவர் அடுப்பை அணைத்துவிடக்கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் கழிவுநீர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பல, உள்ளே போகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாகத் தள்ளுகின்றன. நன்றாக அமைத்த எலெக்ட்ரோடயாலிசிஸ் ஆயிரம் லீற்றரில் 850ஐக் குடிநீராகத் தரும். மீதி 150 லீற்றரில் லீற்றருக்குப் பத்துக் கிராமுக்கு மேல் உப்பு நிற்கும். அதை எங்கே ஊற்றுவது? வளவில் ஊற்றினால் வெடிப்புக் கல்லுக்குள்ளால் அதே வில்லைக்கே போய்ச் சேரும், உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வளவுக் கிணற்றுக்கோ. கிழக்கே கடனீரேரி இருக்கிறது. ஆனால் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை போட்டதே ஏரியை நன்னீராக்கத்தான். வீட்டுக்கு வீடு இயந்திரம் வாங்கினால் இதற்கு விடை கிடையாது. ஊருக்கு ஒன்று வைத்து, கழிவை ஒரு தார்பாய்த் தொட்டியில் விட்டு வெயிலில் காயவைத்து, உப்பை அள்ளி அப்புறப்படுத்தினால்தான் சரிவரும். என் கணிப்பில் புத்தூருக்கு இந்தத் தொழில்நுட்பம் பொருந்தும். தனித்தனி வீடுகளுக்குப் பொருந்தாது.

அதற்கு முன் ஒரு வேலை. பேனா அளவில் ஒரு மின்கடத்துதிறன் மானி கிடைக்கிறது. தண்ணீருக்குள் விட்டால், உப்பு எவ்வளவு மின்சாரத்தைச் சுமக்கிறதென்று மைக்ரோசீமென்ஸில் காட்டும். வருகிற எண்ணை 0.64ஆல் பெருக்கினால் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஆவணிக் கடைசியில் ஒருமுறை, மார்கழி மழைக்குப் பிறகு ஒருமுறை உங்கள் கிணற்றை அளந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டர் போடமுன் ஒன்று, ஒரு மணித்தியாலம் இறைத்த பின் ஒன்று. பின்னையது கணிசமாகக் கூடியிருந்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறுகிறது. உறிஞ்சுகுழாயை மேலே தூக்குங்கள், இறைக்கும் நேரத்தைப் பிரித்து இறையுங்கள், இயந்திரத்துக்குக் காசு கட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.